பிளெனிம் மாளிகையின் அமெரிக்க மருமகள்கள்: சீதனமும் பட்டமும் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷரில், உட்ஸ்டாக் என்னும் சிற்றூரை ஒட்டி பிளெனிம் மாளிகை நிற்கிறது. மார்ல்பரோ டியூக்குகளின் பரம்பரை வீடு அது. 1874 முதல் 1921 வரையிலான 47 ஆண்டுகளில் இந்த ஒரே குடும்பத்துக்கு நான்கு அமெரிக்கப் பெண்கள் மருமகள்களாக வந்தார்கள். ஜென்னி ஜெரோம், லில்லி ஹேமர்ஸ்லி, கான்சுவேலோ வாண்டர்பில்ட், கிளாடிஸ் டீக்கன் ஆகியோர் அவர்கள். இவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் தாய் என்பதால் அவர் பெயர் மட்டும் நம்மிடையே ஓரளவு தெரியும். மற்ற மூவரையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு காலகட்டத்தின் பொருளாதாரமும் குடும்பச் சட்டமும் பெண்களின் நிலையும் ஒருங்கே புலப்படும்.

இத்தகைய பெண்களைப் பத்திரிகைகள் ‘டாலர் இளவரசிகள்’ என்றன. அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. அப்பன் பணம் கொடுத்தான், மாப்பிள்ளை பட்டம் கொடுத்தான், பெண் நடுவில் பண்டமாக இருந்தாள் என்பது அது. இந்த விளக்கம் முழுப் பொய்யல்ல. ஆனால் எல்லா வழக்குக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது.

தமிழில் இதைவிடக் கூர்மையான அளவுகோல் இருக்கிறது. பேச்சில் நாம் கலந்து பேசினாலும், சீதனம் வேறு, வரதட்சணை வேறு. பெண்ணோடு வந்து பெண்ணின் பெயரிலேயே இருப்பது சீதனம். மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போய்விடுவது வரதட்சணை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சீதனத்தைத் தனி வகைச் சொத்தாகவே பிரித்து வைக்கிறது. நிலபுலனை விற்கக் கணவனின் ஒப்புதல் வேண்டும் என்றாலும் உரிமை மனைவியுடையது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த அந்தப் பணம் இவ்விரண்டில் எது என்ற கேள்வியை ஒவ்வொரு திருமணத்திடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

2. சான்றுகளும் அவற்றைப் படிக்கும் முறையும்

இத்துறையில் இறங்கும் எவரும் முதலில் கையில் எடுப்பது பர்க், டெப்ரெட் ஆகிய பிரபுக்குல வரலாற்றுத் தொகுதிகளை. ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு ‘அல்மனாக் தெ கோத்தா’. ஆண்வழி வாரிசு யார் என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட நூல்கள் இவை. மருமகளுக்கு அவற்றில் கிடைக்கும் இடம் ஒரு வரி: இன்ன தேதியில், இன்ன ஊர் இன்னாரின் மகளை மணந்தார். எங்கே படித்தாள், என்ன கொண்டுவந்தாள், எப்போது வீட்டை விட்டுப் போனாள் என்பதெல்லாம் அந்த வரிக்கு வெளியே கிடக்கும். தேதிகளைச் சரிபார்க்க இந்த நூல்களை நம்பலாம். அதற்கு மேல் இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது பத்திரிகைகள். 1890-இல் நியூயார்க்கில் ‘டைட்டில்டு அமெரிக்கன்ஸ்’ என்றொரு நூலே வெளிவந்தது. பட்டம் உடைய அந்நியர்களை மணந்த அமெரிக்கப் பெண்களின் பட்டியலோடு, இன்னும் மணமாகாத பிரபுக்களின் பட்டியலும் அதில் இருந்தது. நம் ஊர் வரன் பார்க்கும் பகுதியை நினைவூட்டும் அச்சு அது. யாரை அன்றைய சமூகம் ‘நல்ல வரன்’ என்று எண்ணியது என்பதற்கு அது அருமையான சான்று. ஆனால் அன்றைய நாளேடுகள் போட்ட சீர்வரிசைத் தொகைகளை வேறு ஆவணம் இன்றி எடுத்தாளக் கூடாது. செய்தி பரவப் பரவத் தொகையும் வளரும். பின்னால் வந்த நூல்கள் பல, அந்த வளர்ந்த தொகையையே மாறி மாறி மேற்கோள் காட்டுகின்றன.

மூன்றாவது, அப்பெண்களே எழுதிய நினைவுக் குறிப்புகளும் கடிதங்களும். கான்சுவேலோவின் தன்வரலாறு 1953-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 76. வைஸ்ராயின் மனைவியாக வந்த அமெரிக்கப் பெண் மேரி கர்சன் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டு 1985-இல் நூலாயின. முதலாவது அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதியது. இரண்டாவது அன்றன்றைக்கு எழுதியது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுப்பது தவறு.

நான்காவதாக வருவன செட்டில்மெண்ட் பத்திரங்கள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள். படிக்க அலுப்பூட்டுபவை. ஆயினும் இந்த ஆய்வின் முதுகெலும்பு இவைதான் என்பது என் உறுதியான கருத்து. அசல் எவ்வளவு, வட்டி யாருக்கு, டிரஸ்டிகள் யார், கணவன் இறந்தால் யாருக்கு, மனைவி இறந்தால் யாருக்கு என்ற ஐந்து கேள்விகளுக்கும் பத்திரம் நேரே பதில் சொல்லும். திருமணத்தில் அழுதது யார், சிரித்தது யார் என்று ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் இந்த ஐந்தையும் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

நாவல்களைப் பற்றி ஒரு சொல். எடித் வார்ட்டன் முடிக்காமல் விட்டு 1938-இல் வெளியான ‘தி பக்கனியர்ஸ்’ இதே பொருளைத் தொடுகிறது. அக்காலத்தின் மனநிலையை அறிய அதைப் படிக்கலாம். ஒரு குடும்பத்தைப் பற்றிய சான்றாக வைக்கலாகாது.

3. முன்னோடிகள்: பால்டிமோர் பெண்கள்

டாலர் இளவரசிகளின் கதையை 1870-களில் தொடங்குவது வழக்கம். அதற்கு எழுபது ஆண்டு முன்பே பால்டிமோர் நகரத்துப் பெண்கள் இந்த வழியில் நடந்துவிட்டார்கள்.

எலிசபெத் பேட்டர்சன் 1803 டிசம்பர் 24 அன்று நெப்போலியனின் தம்பி ஜெரோம் போனபார்ட்டை மணந்தார். அண்ணன் அதை ஏற்கவில்லை. கருவுற்ற நிலையில் கப்பலில் வந்த எலிசபெத்தை ஆம்ஸ்டர்டாமில் இறங்க விடவில்லை. லண்டனை ஒட்டிய கேம்பர்வெல்லில் 1805 ஜூலையில் மகனைப் பெற்றார். திருமணத்தை ரத்து செய்யும்படி நெப்போலியன் கேட்டபோது போப் ஏழாம் பயஸ் மறுத்துவிட்டார். நெப்போலியன் தன் ஆணையாலேயே ரத்து செய்தார். 1815-இல் மேரிலாந்து சட்டமன்றத்தின் வழியாக எலிசபெத் மணவிலக்குப் பெற்றார். 1879 வரை வாழ்ந்தார். அவருடைய பேரன் சார்லஸ் போனபார்ட் பின்னாளில் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாகி, 1908-இல் இன்றைய எஃப்.பி.ஐ.யின் முன்னோடி அமைப்பைத் தொடங்கிவைத்தார்.

எலிசபெத்தின் அண்ணன் ராபர்ட்டின் விதவை மரியான் கேட்டன். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கரான சார்லஸ் கரோலின் பேத்தி. இவர் 1825-இல் டப்ளினில் மறுமணம் செய்துகொண்டார். கணவர் மார்க்விஸ் வெல்லெஸ்லி. தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1798 முதல் 1805 வரை கவர்னர் ஜெனரலாக இருந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்தி, 1799-இல் தஞ்சையின் ஆட்சியையும் 1801-இல் கர்நாடக நவாபின் நாட்டையும் கும்பினிக்கு எடுத்துக்கொண்ட அதே வெல்லெஸ்லி. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது அவர் காலத்தில்தான். அவர் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக இருந்தபோது டப்ளின் கோட்டையில் தலைவியாக வந்து அமர்ந்தவர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கையெழுத்திட்டவரின் பேத்தி. மரியானின் தங்கையரில் லூயிசா லீட்ஸ் டியூக்கின் குடும்பத்துக்கும், எலிசபெத் ஸ்டாஃபர்ட் பிரபுவின் வீட்டுக்கும் போனார்கள்.

ஆகவே, பிற்காலத் திருமணங்களுக்குப் பணம் ஒன்றே காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. வழி ஏற்கெனவே இருந்தது. 1870-களுக்குப் பிறகு அந்த வழியில் கூட்டம் ஏன் பெருகியது என்பதே விளக்கப்பட வேண்டியது.

4. கோதுமையின் விலை

அமெரிக்கச் சமவெளிகளில் ரயில் பாதைகள் நீண்டன. நீராவிக் கப்பல் கட்டணம் குறைந்தது. அங்கே விளைந்த கோதுமை லிவர்பூலில் குவிந்தது. 1877-இல் இங்கிலாந்தில் ஒரு குவார்ட்டர் கோதுமையின் சராசரி விலை 56 ஷில்லிங் 9 பென்ஸ். 1894-இல் அது 22 ஷில்லிங் 10 பென்ஸாக விழுந்தது. பதினேழு ஆண்டில் பாதிக்கும் கீழே. குத்தகைதாரர் வாரத்தைக் குறைக்கச் சொன்னார், அல்லது நிலத்தை விட்டுவிட்டுப் போனார். குத்தகை வருமானத்தை நம்பி மாளிகை நடத்திய பிரபுக்களுக்கு நிலம் இருந்தது, காசு இல்லை. அதே 1894-இல் வந்த வாரிசு வரி, பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிய சொத்துக்கு நூற்றுக்கு எட்டு என்று நின்றது.

பிளெனிம் இதை எப்படித் தாங்கியது? வீட்டுப் பொருளை விற்றுத் தாங்கியது. 1875-இல் மார்ல்பரோ இரத்தினக் கற்களின் தொகுப்பு 35,000 கினிக்குப் போயிற்று. வாரிசுக் கட்டுப்பாடு உள்ள சொத்தை விற்க 1880-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் பெற்று, 1881 முதல் 1883 வரை சண்டர்லாந்து நூலகத்தை ஏலம் விட்டார்கள். 1885-இல் ரஃபேல் வரைந்த அன்சிடை மடோன்னாவை 70,000 பவுண்டுக்கும், வான் டைக் வரைந்த முதலாம் சார்லஸின் குதிரை ஓவியத்தை 17,500 பவுண்டுக்கும் தேசிய ஓவியக் கூடம் வாங்கியது. கல் போயிற்று, நூல் போயிற்று, படம் போயிற்று. அதன் பிறகு 1888-இல் ஒரு அமெரிக்கத் திருமணம், 1895-இல் இன்னொன்று. இந்த வரிசையை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், திருமணங்களை விற்பனைகளிலிருந்து தனியே பிரிக்க முடியாது என்பது விளங்கும்.

இங்கே ஒரு சுழற்சி தெரிகிறது. ஆங்கிலக் குத்தகையை அழித்தது அமெரிக்க ரயிலில் வந்த கோதுமை. ஆங்கில மாளிகையைச் செப்பனிட்டது அதே அமெரிக்க ரயிலில் ஈட்டிய இலாபம்.

5. நான்கு திருமணங்கள்

5.1 ஜென்னி ஜெரோம்

புரூக்ளினில் 1854-இல் பிறந்தவர். தந்தை லெனர்ட் ஜெரோம் வால் ஸ்ட்ரீட்டில் சம்பாதித்தும் இழந்தும் பழகியவர். 1873 ஆகஸ்டில் கௌஸ் படகுப் போட்டி விழாவில் மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன் ராண்டால்ஃப் சர்ச்சிலை ஜென்னி சந்தித்தார். மூன்றாம் நாள் இருவரும் மணம் செய்ய முடிவெடுத்தார்கள். திருமணம் நடந்தது 1874 ஏப்ரல் 15, பாரிஸில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில். காதலுக்கு மூன்று நாள், செட்டில்மெண்ட் பேச்சுக்கோ எட்டு மாதம்.

அந்தப் பேச்சில்தான் நம் கேள்வி நேரடியாக எழுகிறது. டியூக்கின் வழக்கறிஞர்கள், மனைவிக்கெனத் தனி வருமானம் வைப்பது ஆங்கில வழக்கமில்லை என்றார்கள். மகள் தன் செலவுக்குக் கணவனிடம் கையேந்தக் கூடாது என்பது ஜெரோமின் நிலை. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற முழுமையான ஆங்கிலச் சட்டம் 1882-இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டு முன்பே ஒரு அமெரிக்கத் தகப்பன் அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கப் போராடினார். முடிவில் அசல் 50,000 பவுண்டு. ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம். அதில் கணவனுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி. ஆகப் பாதி வரதட்சணை, பாதி சீதனம்.

1885 உட்ஸ்டாக் இடைத்தேர்தலில் கணவருக்காக வாக்குக் கேட்டு அலைந்ததும், 1899-இல் போயர் போருக்கு ‘மெய்ன்’ மருத்துவக் கப்பலை அமெரிக்கப் பெண்களின் நிதியில் அனுப்பியதும் ஜென்னியின் செயல்கள். அவரை ‘சர்ச்சிலின் அம்மா’ என்ற அடைமொழிக்குள் அடைத்துவிடுவது நியாயமில்லை.

5.2 லில்லி ஹேமர்ஸ்லி

நால்வரில் மிகக் குறைவாக எழுதப்பட்டவர் இவர். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்தவர், செல்வந்தரின் விதவை. இவர் மணந்த எட்டாம் டியூக் மணவிலக்கு ஆனவர் என்பதால் தேவாலயச் சிக்கல் எழுந்தது. 1888 ஜூன் 29 அன்று நியூயார்க் மேயர் ஏப்ரம் ஹெவிட் நகர மன்றத்தில் மணம் செய்துவைத்தார். லில்லியின் பணத்தில் பிளெனிமின் கூரை சீரானது, வெப்பக் குழாய்களும் மின்சாரமும் வந்தன. நீண்ட நூலகத்தின் கோடியில் வில்லிஸ் நிறுவனத்தின் பெரிய ஆர்கன் நிறுவப்பட்டது. நூலகத்தின் நூல்களை ஏலம் கொண்டுபோன பத்தாண்டுக்குள் அதே கூடத்தில் நிறுவப்பட்ட இசைக்கருவி அது. அதில் கணவன், மனைவி இருவரின் பெயரெழுத்துகளும் 1891 என்ற ஆண்டும் உள்ளன.

1892-இல் டியூக் இறந்தார். லில்லி 1895-இல் வில்லியம் பெரஸ்ஃபோர்ட் பிரபுவை மணந்து டீப்டீன் என்னும் வீட்டுக்குப் போனார். தனக்கென்று வைத்திருந்த செல்வம் அவரோடு போயிற்று. விதவைக்குத் தன் பெயரில் சொத்து இருந்ததால், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் துணையைத் தானே தேர்ந்துகொள்ள முடிந்தது. நான் வகைப்படுத்தினால் இது தெளிவான சீதனம்.

5.3 கான்சுவேலோ வாண்டர்பில்ட்

1895 நவம்பர் 6. நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் செயின்ட் தாமஸ் தேவாலயம். மணமகன் ஒன்பதாம் டியூக். மணமகளுக்கு வயது 18. அன்று காலை அறையில் தனியே அழுதுகொண்டிருந்ததாகவும், யாரும் உள்ளே வராதபடி வாசலில் ஓர் ஏவலாள் நிறுத்தப்பட்டிருந்ததாகவும் அவர் பின்னாளில் எழுதினார். அவர் மனம் வின்த்ராப் ரதர்ஃபர்ட் என்பவரிடம் இருந்தது. தாய் ஆல்வா அதை உடைத்தார்.

அதே நாளில் கையெழுத்தான பத்திரத்தை அருகிலிருந்து பார்ப்போம். தொகை 25 லட்சம் டாலர். அது ரொக்கமாக இல்லை. பீச் கிரீக் ரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகளாக இருந்தது. பங்குக்கு 50 டாலர். நூற்றுக்கு நான்கு வீதம் ஈவு. அதற்கு நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே பொறுப்பு. அப்படியானால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். அந்த வருமானம் டியூக்கின் ஆயுட்காலம் வரை அவருக்கு. பீச் கிரீக் என்பது பென்சில்வேனியா மலைகளிலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் பாதை. சுரங்கத்தில் வெட்டிய கரி ஒவ்வொரு டன்னாக நகர நகர, பிளெனிமின் முன்முற்றத்தில் கல் பாவப்பட்டது.

ஜென்னியின் 50,000 பவுண்டு அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 2,43,000 டாலர். 21 ஆண்டில் தொகை பத்து மடங்கு ஏறியிருக்கிறது. ஜென்னியின் கணவர் இளைய மகன், கான்சுவேலோவின் கணவர் டியூக் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பட்டத்தின் விலையை ஒப்பிடும் எந்த அட்டவணையும் இந்த வேறுபாட்டைக் குறிக்காவிட்டால் பயனற்றது.

இந்த வழக்கில் பணம் வரதட்சணையே. 1906-இல் இருவரும் பிரிந்தார்கள். வருமானம் டியூக்கிடம் தொடர்ந்தது. 1921-இல் மணவிலக்கு. 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ரோட்டா நீதிமன்றம், மணமகளின் சம்மதம் சுதந்திரமானதல்ல என்று அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கியது. அங்கே ஆல்வா, தானே மகளை வற்புறுத்தியதாகச் சாட்சி சொன்னார்.

இந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்புவது? வற்புறுத்தலை நிரூபித்தால்தான் திருமணம் செல்லாததாகும். ஆகவே சாட்சியத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. எச்சரிக்கை வேண்டும்தான். ஆயினும் ஒரு தாய் எழுபது வயதைத் தாண்டிய நிலையில், உலகமே படிக்கும் என்று தெரிந்தும், பழியைத் தன் மீது போட்டுக்கொள்கிறார். தனக்குக் கேடாகச் சொல்லும் சாட்சியத்துக்குக் கூடுதல் எடை உண்டு. ஆல்வா 1895 மார்ச்சில் கணவரை மணவிலக்குச் செய்தவர்; அன்றைய நியூயார்க் சமூகத்தில் இழந்த இடத்தை மகளின் பட்டத்தால் மீட்க விரும்பினார் என்ற காரணமும் பொருந்துகிறது. கான்சுவேலோ சொன்னதை நான் நம்புகிறேன். அதே ஆல்வா பின்னர் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பெரும் புரவலரானார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். முதலாவதைச் சொல்லி அவரைக் கொடுமைக்காரி ஆக்குவதும், இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மன்னிப்பதும் ஆய்வாளர் வேலை அல்ல.

புகுந்த வீட்டில் கான்சுவேலோவுக்கு இட்ட முதல் கடமை ஆண் வாரிசு. மாமனாரின் தாயார், பிள்ளை பிறக்காவிட்டால் பட்டம் அந்தப் பொடியன் வின்ஸ்டனுக்குப் போய்விடும் என்று எச்சரித்ததைத் தன்வரலாறு பதிவுசெய்கிறது. 1897-இல் ஜான், 1898-இல் ஐவர் பிறந்தார்கள். பிரிவுக்குப் பிறகு கான்சுவேலோ சமூகப் பணியில் இறங்கி, 1917-இல் லண்டன் கவுண்டி கவுன்சிலில் உறுப்பினரானார்.

5.4 கிளாடிஸ் டீக்கன்

பாரிஸில் 1881-இல் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1921 ஜூனில், கான்சுவேலோவின் மணவிலக்கு முடிந்ததும், ஒன்பதாம் டியூக்கை மணந்தார். இவரிடம் வாண்டர்பில்ட் அளவுக்குப் பணம் இல்லை. பணம்–பட்டம் என்ற சூத்திரம் இங்கே வேலை செய்யாது. மாளிகையின் வாயில் மண்டபத்து விதானத்தில் 1928-இல் இவருடைய கண்களை நீலத்தில் தீட்டினார்கள். இன்றும் உள்ளே நுழைபவர் அண்ணாந்தால் அவை தெரியும். ஐந்தாண்டு கழித்து, 1933-இல், அந்தக் கண்களுக்கு உரியவரைக் கணவர் வீட்டிலிருந்து வெளியேற்றினார். சீதனம் இல்லாத மருமகளுக்குப் பத்திரத்தின் பாதுகாப்பும் இல்லை. 1977-இல் நார்தாம்ப்டன் மனநல மருத்துவமனையில் காலமானார்.

6. பிளெனிமுக்கு வெளியே

ஒரு குடும்பத்தை வைத்துச் சொன்னது பொது விதியாகுமா என்று சோதிக்க மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிகாகோ வணிகர் லீவை லைட்டரின் மகள் மேரி, 1895 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனில் ஜார்ஜ் கர்சனை மணந்தார். நான்கே ஆண்டில் இந்தியாவின் வைஸ்ராய் மனைவி. 1903 ஜனவரி 6 அன்று டெல்லி செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்கு அவர் உடுத்திய மயில் உடை புகழ்பெற்றது. டெல்லிச் சரிகைத் தொழிலாளர்கள் உலோக இழையால் மயிற்பீலி பீலியாகத் துணி முழுதும் நிரப்பினார்கள். ஒவ்வொரு பீலிக் கண்ணிலும் பச்சை வண்டுச் சிறகு. அந்தத் துணியைப் பாரிஸின் வொர்த் நிறுவனம் உடையாகத் தைத்தது. இன்று அது கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. மேரி 1906-இல், 36 வயதில் இறந்தார். லைட்டர் குடும்பப் பணம் டிரஸ்டின் வழியே மேரியின் மூன்று மகள்களுக்கும் சேர வேண்டியதாக இருந்தது. மகள்கள் வயதுக்கு வந்து தம் பங்கைக் கேட்டபோது தகப்பன் கர்சனுக்கும் அவர்களுக்கும் பெரும் மனக்கசப்பு மூண்டது. தாயின் சொத்து மகளுக்கு என்னும் சீதன முறை, சிகாகோக்காரர் எழுதிய ஆவணத்தில் அப்படியே நிற்கிறது.

ரயில்வே அதிபர் ஜே கூல்டின் மகள் ஆனா, அதே 1895-இல் பிரான்சின் போனி தெ காஸ்தலானை மணந்தார். கோதுமை விலை அடிமட்டத்துக்கு விழுந்ததற்கு மறு ஆண்டில் இத்தனை திருமணங்கள் குவிந்ததைக் கவனிக்க வேண்டும். கணவர் பாரிஸில் இளஞ்சிவப்புப் பளிங்கு மாளிகை கட்டினார், கடன் வாங்கினார், விருந்து வைத்தார். ஆனால் அசல், தந்தையின் உயில்படி டிரஸ்டிகள் கையில் இருந்தது. 1906-இல் ஆனா மணவிலக்குப் பெற்றபோது மிஞ்சிய செல்வமும் அந்த மாளிகையும் அவரோடு இருந்தன. 1908-இல் கணவரின் உறவினரான சாகான் இளவரசரையே மணந்தார்.

மூன்றாமவர் வினரெட்டா சிங்கர். நம் வீடுகளில் அம்மாமார் மிதித்த சிங்கர் தையல் மெஷினின் நிறுவனர் ஐசக் சிங்கரின் மகள். முதல் திருமணம் 1892-இல் ரத்தானது. 1893-இல் இளவரசர் எட்மண்ட் தெ போலிஞாக்கை மணந்தார். தன் பணத்தைத் தன் விருப்பப்படி இசைக்குச் செலவிட்டார். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரெனார்’, எரிக் சத்தியின் ‘சோக்ராத்’, மனுவெல் தெ ஃபயாவின் பொம்மலாட்ட இசை நாடகம் ஆகியவை அவர் கேட்டு எழுதுவித்தவை. 1928-இல் அவர் நிறுவிய சிங்கர்-போலிஞாக் அறக்கட்டளை பாரிஸில் இன்னும் இயங்குகிறது. பட்டத்தை வாங்கிவிட்டு அதற்குள் அடங்கிப்போனவர் என்று இவரை எவரும் சொல்ல முடியாது.

7. கடவுச்சீட்டு சொல்லும் கதை

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய ஆய்வாளர்கள் குடியுரிமையைத் தொடவே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக வருத்தம். 1907-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனின் நாட்டவளாகிவிடுவாள். அந்நியப் பெண்ணை மணக்கும் அமெரிக்க ஆணுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1915-இல் மெக்கென்சி எதிர் ஹேர் வழக்கில் இதை உறுதிசெய்தது. 1922-இன் கேபிள் சட்டம்தான் அதைத் தளர்த்தியது.

இது வெறும் காகிதச் சிக்கல் அல்ல. வாண்டர்பில்ட் குடும்பத்தின் இன்னொரு பெண்ணான கிளாடிஸ் வாண்டர்பில்ட் 1908 ஜனவரியில் ஹங்கேரியின் லாஸ்லோ செச்சென்யி பிரபுவை மணந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழைந்ததும், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர் பகை நாட்டவர் ஆனார்; அமெரிக்காவில் இருந்த அவர் சொத்து அந்நியர் சொத்துக் காப்பாளரின் கைக்குப் போனது. அதிபர் கிராண்டின் பேத்தி ஜூலியா, வெள்ளை மாளிகையில் 1876-இல் பிறந்தவர். 1899-இல் ரஷ்ய இளவரசர் கண்டகுசீனை மணந்து, 1917 புரட்சிக்குப் பின் தப்பி வந்தார். தன் தாய்நாட்டின் குடியுரிமையை அவர் மீண்டும் பெற்றது 1934-இல். ஆகவே இத்திருமணங்களை ஆராய்பவர், கப்பல் பயணியர் பட்டியலிலும் கடவுச்சீட்டு மனுக்களிலும் ‘நாடு’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

8. வழிவந்தவர்கள்

பங்குத் தரகர் பிராங்க் வொர்க்கின் மகள் பிரான்சஸ் 1880-இல் ஜேம்ஸ் பர்க் ரோஷை மணந்து, 1891-இல் விலகினார். வெளிநாட்டு மாப்பிள்ளைகளை வெறுத்த அந்தத் தகப்பன், பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலேயே வாழ வேண்டும் என்று சொத்துக்கு நிபந்தனை விதித்தார். பேரன் மாரிஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி ஃபெர்மோய் பிரபுவானார். மாரிஸின் பேத்தி டயானா ஸ்பென்சர். பிரிட்டனின் அடுத்த அரசராக வரவேண்டிய, டயானாவின் மகன் வில்லியமின் குருதியில் வொர்க் குடும்பமும் இருக்கிறது.

1936-க்குப் பிறகு கேள்வி மாறுகிறது. அமெரிக்கரான வாலிஸ் சிம்ப்சனை மணக்க எட்டாம் எட்வர்ட் முடி துறந்தார். 1937 மே 27 அன்று வந்த அரச ஆணை, மனைவிக்கு ‘ராயல் ஹைனஸ்’ என்ற மரியாதையை மறுத்தது. 1956-இல் கிரேஸ் கெல்லி மொனாக்கோவுக்குப் போனார். அவருக்கு முன்பே, 1889-இல், நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஆலிஸ் ஹைன் அங்கே இளவரசியாக இருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். இந்தப் பிற்காலத் திருமணங்களில் செட்டில்மெண்ட் பத்திரம் மையமில்லை; தகுதியும் மரியாதையும் மக்கள் கருத்துமே மையம். அவற்றுக்கு வேறோர் ஆய்வுமுறை தேவை.

9. இனிச் செய்ய வேண்டியவை

சீதனத்தையும் வரதட்சணையையும் சொல்லளவில் பிரிக்கத் தெரிந்த மொழி நம்முடையது. அந்தப் பிரிவினையை ஐரோப்பிய ஆவணங்களின் மேல் வைத்துப் பார்க்கும் ஆய்வு தமிழில் நடக்க வேண்டும். வரலாறும் சட்டமும் படிக்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய திருமண உடையை விட்டுவிடுங்கள். செட்டில்மெண்ட் பத்திரம், உயில், கடவுச்சீட்டு ஆகிய மூன்றையும் தேடிப் படியுங்கள். லில்லி ஹேமர்ஸ்லிக்கு அப்படி ஒரு நூல் வேண்டும்.

பிளெனிம் பூங்காவின் மதிலை அடுத்து பிளேடன் என்ற சிறு கிராமம். அங்கே செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் முற்றத்தில் ஜென்னி 1921-இல் அடக்கம் செய்யப்பட்டார். கான்சுவேலோ 1964 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் இறந்தார்; அவர் விருப்பப்படி உடலை அட்லாண்டிக் கடந்து கொண்டுவந்து, அதே முற்றத்தில் இளைய மகன் ஐவரின் அருகே புதைத்தார்கள். எட்டு வாரம் கழித்து வின்ஸ்டன் சர்ச்சிலின் உடலும் அங்கே வந்தது.